விழுந்து முளைக்கும் பல்: பால்பல் மருத்துவத்தின் வரலாறும் காஞ்சிபுரமும்

குழந்தையின் வாயில் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தோன்றத் தொடங்கி, மூன்று வயதுக்குள் இருபதாக நிறைவுபெறும் பற்கள் பால்பற்கள் எனப்படுகின்றன. ஆறு வயதளவில் முன்பற்கள் ஆடி விழத் தொடங்கும். கடைவாயில் உள்ள கடைசிப் பால்பல் விழுவதற்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயது ஆகிவிடும். ஆகவே இரண்டரை வயதில் முளைத்த ஒரு கடைவாய்ப் பால்பல் எட்டு, ஒன்பது ஆண்டுகள் வாயில் இருந்து உழைக்கிறது. ஒரு பிள்ளை அங்கன்வாடியில் சேர்ந்து தொடக்கப்பள்ளியை முடிக்கும் காலம் முழுவதும் அதுதான் சோற்றை மென்று தருகிறது.

இந்தக் கணக்கைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளையின் பல்லில் கறுப்புத் தெரிந்தால் "விழுந்து முளைக்கிற பல்தானே" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். பால்பல் மருத்துவத்தின் வரலாறு பெருமளவுக்கு இந்தச் சொல்லோடு நடந்த வழக்கின் வரலாறுதான். அந்த வழக்கு உலகில் எப்படி நடந்தது, பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு அதன் பயன் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பல் கொழுக்கட்டையும் பற்புழுவும்

தமிழர் வீடுகளில் பால்பல்லின் பிறப்புக்கும் இறப்புக்கும் சடங்கு உண்டு. முதல் பல் எட்டிப் பார்த்ததும் பல் கொழுக்கட்டை செய்வார்கள். அரிசி மாவில் தேங்காய்ப் பல்லைக் கீறி வைத்துச் சிறு சிறு கொழுக்கட்டைகளாக அவித்து, குழந்தையின் தலைமேல் மெல்லக் கொட்ட, சுற்றியிருக்கும் பிள்ளைகள் பொறுக்கித் தின்பது பல வீடுகளின் வழக்கம். ஆறேழு வயதில் பல் விழுந்தால் அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். இடையில் இருக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் சடங்கு ஒன்றும் இல்லை.

பழைய மருத்துவ நூல்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. குழந்தை மருத்துவத்திற்கென்றே அமைந்த காசியப சம்ஹிதையில் பல் முளைத்தல் பற்றித் தனி அத்தியாயம் உள்ளது. சுசுருத சம்ஹிதை பல் நோய்களுள் ஒன்றாகக் 'கிருமிதந்தகம்' என்பதைச் சொல்கிறது. கிருமி என்றது புழுவை. பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியா முதல் ஐரோப்பா வரை எங்கும் இருந்தது. நம் ஊரில் இன்றும் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்றே சொல்கிறோம்.

இந்த நம்பிக்கையிலிருந்து ஒரு சிகிச்சையும் பிறந்தது. காய்ந்த கண்டங்கத்திரிப் பழத்தை அல்லது அதன் விதையை நெருப்பிலிட்டு எழும் புகையை வாய்க்குள் பிடிப்பார்கள். புகை பிடித்த பின் பூச்சி விழுந்ததாகக் காட்டுவோரும் உண்டு. ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் விதையைக் கொண்டு இதே வேலையைச் செய்தார்கள். அங்கே சூட்டில் வெடித்த விதையின் முளை வெண்புழுப் போலத் தோன்றியதே 'விழுந்த பூச்சி'யாகக் காட்டப்பட்டது. பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், நுண்ணோக்கி வைத்துத் தேடியும் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். 1890இல் டபிள்யூ. டி. மில்லர், வாயில் வாழும் நுண்ணுயிரிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். 1924இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் சொத்தையிலிருந்து ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்து 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று பெயரிட்டார்.

கிருமி என்ற சொல் பழைய நூலில் இருப்பதைக் காட்டி, பாக்டீரியாவை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும் கருத்து வேறு. புழு என்று நினைத்தவர்கள் அதைப் புகை போட்டு விரட்டினார்கள். அமிலம் என்று அறிந்த பிறகுதான் எதை, எத்தனை முறை தின்கிறோம் என்ற கேள்வியே எழுந்தது.

சர்க்கரை வந்த வழி

கரும்பும் வெல்லமும் கருப்பட்டியும் தமிழ்நாட்டுக்குப் பழையவை. ஆனால் வெல்லம் பெரும்பாலும் பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. ஆலைச் சர்க்கரை அன்றாடம் வீட்டுக்குள் வந்தது பிந்திய கதை. பாரி நிறுவனத்தின் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை 1842இல் தொடங்கியது. இந்தியாவின் பழைமையான ஆலைகளுள் அதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் அதே பெயரில் மிட்டாய்களும் கடைக்கு வந்தன. தேநீரும் காப்பியும் பரவியபோது சர்க்கரையும் கூடவே பரவியது.

சொத்தைக்குச் சர்க்கரையின் அளவைவிட அது வாய்க்குள் போகும் தடவைகள் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் வாயில் அமிலத்தன்மை ஏறும். அமிலக் குறியீடு 5.5க்குக் கீழே போனால் எனாமலில் உள்ள தாது கரையத் தொடங்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உமிழ்நீர் அதைச் சமன்செய்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பவும் பல்லில் படியவைக்கும். பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் தின்ற பிள்ளைக்கு ஒரு முறைதான் தாக்குதல். நாள் முழுக்கச் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துச் சப்பும் பிள்ளைக்கு உமிழ்நீர் வேலை செய்ய இடைவெளியே இல்லை. (வரதராசப் பெருமாள் கோயிலின் மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த இட்லியைப் பல்லின்மேல் குற்றம் சாட்ட முடியாது என்பதையும் ஊர்ப்பற்றோடு இங்கே பதிவு செய்கிறேன்.)

இரவில் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு நிலைமை இன்னும் மோசம். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் முதலில் கறுத்துக் கரையும். கீழ்வரிசையை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பும். இந்த வடிவத்தை 1962இல் எலியாஸ் ஃபாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் புட்டிப்பாலோடு தொடர்புபடுத்தி எழுதினார். ஈறோரமாக வெள்ளைக் கோடு தெரிவதுதான் முதல் அறிகுறி. அப்போதே கவனித்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம். கறுப்பான பின்தான் நம்மவர்கள் கவனிக்கிறார்கள்.

தறியும் பிள்ளையும்

காஞ்சிபுரம் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, மூன்று நாடாக்களை ஓட்டி இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. குழித்தறியில் நெசவாளர் அமர்ந்திருக்க, ஒரு பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வீசித் தர இன்னொருவர் வேண்டும். நீண்ட காலம் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். சொந்தப் பிள்ளை இல்லாத இடத்தில், பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அயலார் பிள்ளையை உட்கார வைத்தார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் முக்கிய இடம் பெற்றது. அரசும் தொண்டு அமைப்புகளும் எடுத்த முயற்சியால் இந்த நிலை பின்னர் பெரிதும் மாறியது.

பல் மருத்துவ வரலாற்றில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். பல்வலி உள்ள பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமானால் தறி ஒரு நாள் நிற்க வேண்டும். கூலி துண்டுக்கணக்கு, நெய்த சேலைக்குத்தான் பணம். ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போகும். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்ற சொல்லுக்குப் பின்னால் அறியாமை மட்டும் இல்லை, இந்தக் கணக்கும் இருந்தது. பெற்றோரைக் கடிந்துகொள்ளும் சுகாதாரக் கையேடுகள் இதை எழுதுவதில்லை.

வகுப்பில் இதன் விளைவை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கமாகவே மெல்லும் பிள்ளை, சத்துணவில் முட்டையை மட்டும் தின்றுவிட்டுக் கடலையை ஒதுக்கும் பிள்ளை, கன்னம் வீங்கித் துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளை. கேட்டால் "பாட்டி கிராம்பு வெச்சாங்க சார்" என்பார்கள். கிராம்பு வலியை மரக்கச் செய்யும் என்பது உண்மை. அதிலுள்ள யூஜினால் என்ற பொருளைப் பல் மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். சொத்தையை அது ஆற்றாது. வலி நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். பல நேரம் அதற்குப் பொருள் பல்லின் உயிர்க்கூழ் செத்துவிட்டது என்பதே. வலி நின்ற இரண்டொரு மாதத்தில் ஈற்றில் ஒரு சீழ்க்கொப்புளம் எழும்.

மருத்துவர் எங்கே?

விடுதலைக்குச் சற்று முன், 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு ஒரு பல் மருத்துவர் என்ற நிலை இருந்ததைச் சொல்கிறது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கியிருந்தார். சென்னையில் 1953இல்தான் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுவே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டில் அரசின் பல் மருத்துவக் கல்லூரி அது ஒன்றுதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது.

அதற்கு முன்பு பல் பிடுங்கியவர்கள் யார்? சந்தையிலும் திருவிழாவிலும் துணி விரித்து உட்கார்ந்தவர்கள், நாவிதர்கள், நாட்டு மருத்துவர்கள். பெரிய நகரங்களில் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பல் மருத்துவர்களும் இருந்தார்கள். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமலே ஐந்தாண்டுகளுக்கு மேல் இத்தொழிலால் பிழைத்தவர்களைப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். படித்தவர் போதாத நாட்டில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இவர்கள் எவரிடமும் பால்பல்லுக்கு இருந்த ஒரே சிகிச்சை குறடு. அரசு மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் அதே நிலைதான்.

இங்கே ஓர் ஒப்பீடு செய்ய வேண்டும். நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பல் மருத்துவப் பணி ஒன்றைத் தொடங்கியது. இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்துப் 'பல் செவிலியர்' ஆக்கி, பள்ளி வளாகத்திலேயே சிறு மருத்துவ அறை கட்டி அமர்த்தினார்கள். சொத்தையைச் சுரண்டி அடைப்பதும், தேவையானால் பால்பல்லைப் பிடுங்குவதும் அவர்கள் வேலை. (அந்த அறைக்குப் பிள்ளைகள் 'கொலைவீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்காலத்து மெதுவான துளைகருவியின் சத்தத்தைக் கேட்டவர்களுக்குக் காரணம் விளங்கும்.) மலாயா இந்த முறையைப் பின்பற்றிப் பினாங்கில் 1949இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இலங்கையும் 1950களில் மகரகமவில் தொடங்கியது. கடல்கடந்த தமிழர்களின் பிள்ளைகளுக்கும் இதன் பயன் கிட்டியது. இந்தியச் சட்டம் பல் மருத்துவர், பல் தூய்மைப் பணியாளர், பல் தொழில்நுட்பர் என்ற மூன்று வகையினரை மட்டுமே ஏற்றது. பள்ளியில் அமர்ந்து பால்பல்லுக்குச் சிகிச்சை செய்யும் நான்காமவருக்கு அதில் இடமில்லை. தரம் குறைந்துவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. என் எண்ணத்தில், அந்த ஒரு முடிவால் இரண்டு தலைமுறைக் கிராமத்துப் பிள்ளைகள் குறடு ஒன்றையே கண்டார்கள்.

பால்பல்லின் உள்ளே

சிகிச்சை முறைகளைப் புரிந்துகொள்ள அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதித் தடிப்பு உடையது. உள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் உள்ள பற்கூழ், பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதன் கூர்முனைகள் மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கும். ஆகவே வெளியே சிறு கறுப்புப் புள்ளியாகத் தெரியும்போதே உள்ளே சொத்தை கூழை எட்டியிருக்கலாம்.

கூழ் செத்துச் சீழ் பிடித்தால் அது எங்கே போகும்? பெரியவர்கள் பல்லில் வேர்நுனியில் கட்டி வரும். கடைவாய்ப் பால்பல்லில் வேர்கள் பிரியும் கவட்டைப் பகுதியில் வரும். அந்தக் கவட்டைக்குள்தான் பின்னால் வர வேண்டிய முன்கடைவாய்ப்பல்லின் கரு வளர்ந்துகொண்டிருக்கிறது. கோழி முட்டையை அடைகாப்பது போலப் பால்பல் தன் வேர்களுக்கிடையே அதை வைத்திருக்கிறது என்று வகுப்பில் சொல்வதுண்டு. சீழ் அங்கே தேங்கினால் கருவின் எனாமல் சரியாக உருவாகாது. புதுப்பல் பழுப்புக் கறையோடும் பள்ளத்தோடும் முளைக்கும். 1912இல் டர்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை விவரித்ததால் அத்தகைய பல்லை 'டர்னர் பல்' என்கிறார்கள். விழுந்து முளைக்கிற பல்தானே என்று விட்டது, முளைத்த பல்லிலேயே வடுவாக நிற்கிறது.

பிடுங்கிவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. முன்னால் உள்ள பால்பல் இல்லையென்றால் அது முன்பக்கம் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து வயதில் வர வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. எத்துப்பல்லாக வரும் அல்லது எலும்புக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பிடுங்க நேர்ந்தால், இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையத்தைப் பக்கத்துப் பல்லில் பொருத்துகிறார்கள்.

சீழ் சில நேரம் எல்லை மீறும். கன்னத்தில் எழுந்த வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழேயோ பரவினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமலோ விழுங்க முடியாமலோ போனால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லில் தொடங்கிய தொற்று மூளைக்குப் பரவி இறந்தான். செல்வம் மிகுந்த நாட்டிலேயே ஏழைக்குப் பல் மருத்துவர் கிடைக்காத கதை அது. அதன் பிறகு அங்கே சட்டங்கள் மாறின. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் வடியும். ஆனால் செத்த கூழ் பல்லுக்குள் இருக்கும்வரை தொற்றின் ஊற்று அங்கேயே இருக்கும், மீண்டும் வரும்.

குறட்டுக்கு மாற்று

பல்லைப் பிடுங்காமல் காக்கும் முயற்சி நூறாண்டுக்கு மேல் பழையது. 1904இல் பக்லி என்ற அமெரிக்கர் ஃபார்மலினும் கிரெசாலும் கலந்த ஒரு மருந்தை, செத்த பற்கூழுக்குப் பயன்படுத்தினார். 1930இல் சார்லஸ் ஸ்வீட் அதைப் பால்பல்லுக்குக் கொண்டுவந்தார். கூழின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, வேருக்குள் உள்ள நல்ல பகுதியின்மேல் இந்த மருந்தை வைத்து அடைப்பது அவர் முறை. 'பல்பாட்டமி' என்று இதைச் சொல்வார்கள். பல தடவை வர வேண்டியிருந்த இச்சிகிச்சை பின்னர் ஒரே அமர்வுக்குச் சுருங்கியது. உலகெங்கும் பாடநூல்களில் இது நிலைபெற்றது.

ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதும், பிள்ளைகளின் வாயில் அதை வைக்கலாமா என்ற விவாதம் சூடுபிடித்தது. பயன்படும் அளவு மிகச் சிறியது, தீங்குக்குச் சான்றில்லை என்றார்கள் ஒரு சாரார். மாற்று இருக்கும்போது எதற்கு என்றார்கள் மறுசாரார். மாற்று ஏற்கெனவே வந்திருந்தது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் ஈரானில் பிறந்த மஹ்மூத் டோராபினெஜாட் 1993இல் அறிமுகம் செய்த எம்.டி.ஏ. என்ற பொருள் அது. வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்டின் நெருங்கிய உறவு. ஈரத்திலேயே இறுகும், கூழைக் கொல்லாமல் அதன்மேல் புதிய கடினத் திசு வளரவிடும். விலை அதிகம் என்பதுதான் குறை.

கூழ் முழுவதும் செத்துச் சீழ் பிடித்த பல்லுக்கு வேர்வரை சுத்தம் செய்து நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்குப் பயன்படும் ரப்பர் போன்ற நிரப்பி இங்கே ஆகாது. பால்பல்லின் வேர் காலப்போக்கில் தானே கரைய வேண்டும், நிரப்பியும் அதோடு கரைய வேண்டும். துத்தநாக ஆக்சைடும் கிராம்பிலிருந்து வரும் யூஜினாலும் சேர்ந்த பசை நெடுங்காலம் பயன்பட்டது. ஆக, பாட்டியின் கிராம்புக்கும் இதில் பங்குண்டு. அது வேரைவிட மெதுவாகவே கரைந்ததால், அயோடோஃபார்மும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்த பசைகள் பின்னர் வந்தன. வேர்வரை போக முடியாத பற்களுக்கு மூன்று ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலந்து உள்ளே வைத்து மூடும் முறையை ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர்.

சிகிச்சை செய்த பல் உடையாமல் இருக்க மேலே மூடி வேண்டும். 1950இல் ஹம்ஃப்ரி அறிமுகப்படுத்திய துருப்பிடிக்காத எஃகு மூடி இன்றும் அப்படியே பயன்படுகிறது. இதில் எனக்குப் பிடித்த கதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், கூழைத் தொடாத சொத்தை உள்ள கடைவாய்ப் பால்பல்லில், சொத்தையைச் சுரண்டாமலே, மரப்பு ஊசியும் துளைகருவியும் இல்லாமல், சிமென்ட் தடவிய எஃகு மூடியை அப்படியே அழுத்திப் பொருத்தி வந்தார். பாடநூல் படிப்பவருக்குத் தவறாகத் தோன்றும் வேலை. அவருடைய பல ஆண்டுக் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் எடுத்துக் கணக்கிட்டு 2006இல் வெளியிட்டபோது, பற்கள் நன்றாகவே நின்றிருந்தன. உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை போகாததால் அது பட்டினியில் அடங்கிவிடுகிறது என்பது விளக்கம். பின்னர் நடந்த முறையான ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. அந்த நாட்டிலிருந்து நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த இரண்டாவது நன்மை இது என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரமும் நாற்காலியும் இல்லாத இடத்துக்கு இன்னொரு முறை உண்டு. 1980களில் தான்சானியாவில் டச்சு மருத்துவர் யோ ஃப்ரென்கென் கைக்கருவியால் மட்டும் மெதுவான சொத்தையைச் சுரண்டி, பல்லோடு தானே ஒட்டும் கண்ணாடி அயனோமர் சிமென்டால் அடைத்தார். உலக சுகாதார நிறுவனம் 1994இல் இதை ஊக்குவித்தது. இதைவிட எளியது வெள்ளி டயமைன் ஃப்ளூரைடு. ஜப்பானில் 1970 முதல் பயன்படும் இந்தத் திரவத்தை ஒரு சிறு தூரிகையால் சொத்தையில் தடவினால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளூரைடு பல்லை இறுக்கும். சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். ஊசி இல்லை, சத்தம் இல்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று: தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லில் கறுப்பு என்றால் பெற்றோர் தயங்குவது இயல்பே. கடைவாயில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

பிள்ளையை நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு கலை. 1959இல் ஆடல்ஸ்டன் என்பவர் 'சொல், காட்டு, செய்' என்ற முறையை எழுதினார். முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்வது, கருவியைக் கையில் காட்டுவது, அதன்பின் சொன்னபடியே செய்வது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியிராத பாடம் இது. "ஊசி போட்டுடுவாங்க" என்று வீட்டில் பயமுறுத்தி வளர்த்த பிள்ளையிடம் இம்முறை பாதிதான் பலிக்கும்.

இன்றைய நிலை

இந்தியப் பல் மருத்துவக் கழகம் 2002-03இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளுள் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. பன்னிரண்டு வயதில் 53.8 விழுக்காடு. ஐந்து வயதுப் பிள்ளைகளின் சொத்தை அநேகமாக முழுவதும் பால்பல் சொத்தைதான்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வாகனத்தில் வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களுள் பல் நோயும் ஒன்று. குறை கண்டறிந்தால் மேல் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குள்ளேயே ஆண்டு முழுக்க இருந்ததை நான் கண்டதுண்டு. தமிழ்நாடு அரசு 2023இல் பள்ளி மாணவர்களுக்குப் 'புன்னகை' என்ற பல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. ஆறாம் வகுப்பு என்றால் பதினோரு வயது. பால்பற்களில் பெரும்பாலானவை விழுந்து முடிந்திருக்கும். நிலைப்பல்லைக் காக்க அது சரியான வயது. பால்பல்லைக் காக்க வேண்டிய வயது அங்கன்வாடியில் இருக்கிறது.

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூர், மேல்மருவத்தூர் போன்ற இடங்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அவை செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் போயின. கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைப் பல் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு இருப்பதால், வெளியே ஆகும் செலவைவிடக் குறைவாகவே எஃகு மூடிவரை செய்துகொள்ள முடியும். நகரத்தில் உள்ளவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை உண்டு. சென்னை எழுபது கிலோமீட்டர் தொலைவு. தறிக்கு விடுமுறை விட்டுப் பேருந்தேற வேண்டிய தொலைவுதான் இப்போதும்.

வீட்டில் செய்யக்கூடியதும் காலத்தோடு மாறியிருக்கிறது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் போய், அடுப்புக்கரியும் செங்கல் தூளும் போய், பல்பொடியும் போய், பற்பசை வந்துவிட்டது. கரியும் செங்கலும் எனாமலைத் தேய்த்தன. அவை போனதில் இழப்பில்லை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஃப்ளூரைடு பற்பசை ஓர் அரிசியளவும், மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகை முழுக்கப் பிதுக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்து பல்லில் கறை படிந்ததும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். அங்குள்ளவர்கள் பற்பசை பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏழெட்டு வயதுவரை பிள்ளை தானே துலக்கினாலும், இரவில் ஒருமுறை பெரியவர் கையால் துலக்கிவிட வேண்டும். அந்த வயதுவரை சிறு கைக்குக் கடைவாயின் பின்பக்கம் எட்டாது.

பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பைப் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயன்படுத்துவதில்லை என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிவெடுத்தன. அதனால் இன்று பால்பல்லில் வெள்ளி நிறத்தில் எதையாவது கண்டால் அது அநேகமாக எஃகு மூடியாகத்தான் இருக்கும். அந்தப் பல் விழும் நாளில் மூடியும் அதோடு சேர்ந்தே விழுந்துவிடும். கூரை எல்லாம் கான்கிரீட் தளமாகிவிட்ட தெருவில், சாணம் கிடைக்காமல், அதை என்ன செய்வது என்று பேரப்பிள்ளைகள் பாட்டியைக் கேட்கிறார்கள்.